கேமராவில் அச்சு நிறம் அளந்த அனுபவம் உண்டா?

மெஜந்தா:
சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் தரம் பார்க்கிறேன். மசாலா டப்பா அட்டை, லேமினேஷன் போட்ட ஜாப். பார்ட்டி போனில் நிறம் அளக்கும் ஆப்போடு வந்தார். ஒப்புதல் தந்த ஷீட்டையும் மெஷினில் ஓடிய ஷீட்டையும் படமெடுத்து, "டெல்டா ஈ 6 காட்டுது, சிவப்பு மாறிடுச்சு" என்றார். டெல்டா ஈ என்பது இரண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எண். எங்கள் ஸ்பெக்ட்ரோவில் (அச்சகத்தில் நிறம் அளக்கும் கருவி) அது 2-க்கும் கீழே. இரண்டாவது ஷீட்டுக்கு மட்டும் அவர் நன்றாகக் குனிந்திருந்தார். அவருடைய காவிச் சட்டை லேமினேஷனில் அப்படியே தெரிந்தது. நடுவில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தேன். கண் முன்னே எண் இறங்கியது! அப்படியும் பில்லில் பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தார். இன்னும் ஆறவில்லை.

டாட்கெயின்:
சட்டையை மட்டும் சொல்லாதீர்கள். போன் ஒவ்வொரு படத்துக்கும் ஒயிட் பேலன்ஸையும் வெளிச்சத்தையும் தானே மாற்றிக்கொள்ளும். எங்களிடம் நேர்மாறாக நடந்தது. ஸ்பாட் ஆரஞ்சையும் (தனியாகக் கலந்த ஒரே மை) நாலு கலரில் கலந்த ஆரஞ்சையும் கேமரா ஒன்றாகவே காட்டியது. வாசலில் வெயிலில் பிடித்தால் ஒன்று செங்கல், ஒன்று பூசணி! கேமரா பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே வடிகட்டி வழியாக. ஸ்பெக்ட்ரோ ஒளியின் அலைநீளத்தில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10-க்கு ஒன்றாக 31 இடத்தில் அளக்கிறது.

பழைய ஆபரேட்டர்:
அதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம். பழைய தீப்பெட்டி லேபிள் ஒன்றில் நூல் மாதிரி மஞ்சள் கோடு. ஸ்பெக்ட்ரோவின் அளக்கும் துளை அதைவிடப் பெரியது, கேமராதான் கைகொடுத்தது. ஆனால் முறையாகச் செய்யுங்கள். போனை விடுங்கள், ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுக்கும் கேமராவை ஸ்டாண்டில் பொருத்துங்கள். 5000 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்) விளக்கு இரண்டு, இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில். அறையில் வேறு விளக்கு எரியக் கூடாது. ஷீட்டுக்குப் பக்கத்தில் 24 கட்ட நிற அட்டை இருக்கட்டும். முதலில் வெறும் சாம்பல் அட்டையைப் படமெடுத்தால் ஓரத்தில் வெளிச்சம் குறைவதைக் கழித்துவிடலாம். அப்புறம் பேப்பர்: வெண்மையூட்டி கலந்த ஆர்ட் பேப்பர் புற ஊதா ஒளி பட்டால் நீலம் அடிக்கும், விளக்கை மாற்றினால் எண்ணும் மாறும். ஷீட் காயாமல் அளக்காதீர்கள்...

மெஜந்தா:
அண்ணே, இதெல்லாம் எனக்கும் தெரியும். பார்ட்டி கையில் இருப்பது போன்தானே? அவரிடம் என்ன சொல்வது?

டாட்கெயின்:
ஆர்டர் எடுக்கும்போதே எந்தக் கருவி, எந்த விளக்கு, டெல்டா ஈ எவ்வளவு வரை சரி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.