மாஸ்க்கைக் கழற்றச் சொல்லாத இன்ஸ்ட்ரக்டர்

ஸ்கூபா டைவிங்கில் முதல் நிலைச் சான்றான ஓபன் வாட்டர் கார்டு வாங்கி ஒரு வருடம் ஆன பிறகுதான் எனக்கு டைவ் பண்ணவே தெரியாது என்று தெரிந்தது. கோர்ஸ் சேரும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

2019 ஜனவரி, அந்தமானில் ஹேவ்லாக் தீவு. பேரை ஸ்வராஜ் தீவு என்று மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நாலு நாள் கோர்ஸ் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். எனக்கு லீவு குறைவு என்றதும், "அதுக்கென்ன, இரண்டரை நாள்ல முடிச்சிடலாம்" என்றார் இன்ஸ்ட்ரக்டர். அன்றைக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது.

முதலில் மெடிக்கல் ஃபார்ம். மேஜையில் இருந்த பையன், "எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க சார். ஒண்ணுல எஸ் போட்டாலும் டாக்டர் லெட்டர் கேப்பாங்க" என்றான். எனக்குச் சின்ன வயதில் வீசிங் உண்டு. நோ போட்டேன்.

அப்புறம் ஆழம் குறைந்த இடத்தில் பயிற்சி. தண்ணீருக்குள் மாஸ்க்கை முழுசாகக் கழற்றி, கொஞ்ச நேரம் அது இல்லாமலே மூச்சு விட்டு, திரும்ப மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நான் கழற்றினேன், மூக்கில் தண்ணீர் ஏறியது, இருமிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். இன்னொரு தடவை முயன்றும் அதே கதைதான். "பரவாயில்லை, கடல்ல யாரு மாஸ்க்கைக் கழட்டப் போறா? பாதி தண்ணி விட்டு ஊதிக் காட்டுங்க, போதும்" என்று சொல்லி டிக் அடித்துவிட்டார்.

மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் 8 கிலோ ஈயம் கட்டிவிட்டார்கள். என் எடை 62 கிலோ, போட்டிருந்ததோ மெல்லிய வெட்சூட். ஏன் இவ்வளவு என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. இப்போது புரிகிறது. அவ்வளவு ஈயத்தோடு மணலில் மண்டியிட்டால் ஆள் அசையமாட்டான், ஸ்கில் எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். நீந்தும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். நான் கடல் குதிரை மாதிரி நெட்டுக்குத்தாக நின்றபடியே, மணலைக் கிளப்பிக்கொண்டு, பவளத்தை உதைத்துக்கொண்டு போனேன். கடைசி டைவ் முடிந்தது மதியம் மூன்றுக்கு, போர்ட் பிளேரில் விமானம் மறுநாள் காலை ஏழரைக்கு. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, பல டைவ் போட்டவர்கள் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பதினாறரை.

2020 பிப்ரவரியில் புதுச்சேரி. 14 மீட்டர் ஆழத்தில் முன்னால் போனவரின் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) என் முகத்தில் பட்டு மாஸ்க் கழன்றது. அவ்வளவுதான், மேலே போகணும் என்பதைத் தவிர மண்டையில் ஒன்றுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காலை உதைத்தேன். வழிகாட்டியாகக் கூட வந்த டைவ்மாஸ்டர் என் பிசிடியின் (காற்று நிரப்பி மிதப்பதற்கான ஜாக்கெட்) பட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, வாயில் இருந்த ரெகுலேட்டர் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். மூச்சை வெளியே விடு என்று அர்த்தம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்தால் தைப்பதற்கு அது சட்டை இல்லை.

கரைக்கு வந்ததும் அவர் திட்டவில்லை. "மாஸ்க் எத்தனை தடவை கழட்டியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் நீச்சல் குளத்தில் அரை நாள், கழற்றுவதும் மாட்டுவதும்தான் வேலை. பதினைந்தாவது தடவையோ என்னவோ, பயம் போய் சலிப்பு வந்துவிட்டது. "இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றார். அதற்கடுத்த நாள் கடலில் எடை பார்த்தோம். பிசிடியில் இருக்கும் காற்றை எல்லாம் விட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். எனக்கு 4 கிலோவே போதுமாக இருந்தது.

*

பதில், மட்டக்களப்பிலிருந்து

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. கற்பித்தவர் நல்லவர், கூட்டிக்கொண்டு போக வந்தவர்தான் பிழை.

எங்கள் கடலில் ஹெர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். ஐம்பது மீற்றருக்கும் கீழே. என்னிடம் இருந்தது ஓபன் வாட்டருக்கு அடுத்த அட்வான்ஸ்ட் கார்டு, அதற்கு எல்லை 30 மீற்றர். பொழுதுபோக்கு டைவிங் முழுவதற்குமே எல்லை 40தான். ஒருவர் வந்து, "ஒரு சிலிண்டர் காணும் தம்பி, தொட்டுப்போட்டு வந்திடலாம்" என்று கதைத்தார். படகில் ஏறவும் ஆயத்தமாகிவிட்டேன்.

திருகோணமலையில் எனக்குக் கற்பித்தவர் ஒவ்வொரு டைவுக்கு முன்னும் காற்றுக் கணக்கைக் கொப்பியில் எழுத வைப்பார். வேண்டாத வேலை என்று அப்போது நினைப்பேன். அன்று பழக்கதோசத்தில் போட்டுப் பார்த்தேன். மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிற ஆள், 50 மீற்றரில் ஆறு மடங்கு இழுப்பான், அதாவது 120. சாதாரண சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய 2,200 லீற்றர். பதினெட்டு நிமிடத்தில் வெறும் தகரம். இறங்கவும் ஏறவும் இடையில் நிற்கவும் காற்று வேண்டாமா? அந்த ஆழத்தில் புத்தியை மங்க வைக்கிற நைட்ரஜன் மயக்கம் வேறு. ஏலாது என்று சொல்லிவிட்டேன். "பயந்தாங்கொள்ளி" என்றார். ஓம் என்றேன்.

*

பதில், சென்னையிலிருந்து

நான் இன்ஸ்ட்ரக்டர். எங்கள் பக்கத்து வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன்.

டைவிங் சான்று தரும் பேடி (PADI) அமைப்பின் முறையில் இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு லாக் புக்கில் 100 டைவ் இருக்க வேண்டும், டைவராகி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நான் தாய்லாந்தில் கோ தாவோ தீவில் தேர்வு எழுதியபோது என் கணக்கு 108. அதில் பெரும்பாலும் ஒரே குடா, வெதுவெதுப்பான தெளிந்த தண்ணீர். நூறு டைவ் போட்டவனா, ஒரே டைவை நூறு தடவை போட்டவனா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே வந்து எடுத்த முதல் பேட்ச் ஆறு பேர். கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எட்டு பேர் வரை போகலாம். ஆனால் எட்டு என்பது உச்சவரம்பு, தண்ணீர் கலங்கினால் குறைக்கணும். அன்றைக்கு மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஐந்து பேர். வயிறு கலங்கிவிட்டது. தேடிவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தால், ஆறாவது ஆள் பிசிடியில் காற்றை நிரப்பிக்கொண்டு மிதந்துகொண்டிருக்கிறார். "ஒரு நிமிஷம் தேடுவேன், கிடைக்கலேன்னா மேலே வந்துடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க சார், எங்கே போனீங்க?" என்று என்னைக் கேட்டார். பாடத்தை ஒழுங்காகப் படித்தது அவர். அதற்குப் பிறகு கலங்கல் நாளில் இரண்டு பேருக்கு மேல் நான் இறக்குவதில்லை. முதலாளியோடு சண்டைதான், சம்பளமும் அடிபடும்.

கோர்ஸ் முடிந்த சில பேருக்கு என்னென்ன ஸ்கில் செய்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேள்வித்தாள் வரும். அதை உண்மையாக நிரப்புங்கள்.

*

பதிவிட்டவர்

எனக்கும் வந்தது அண்ணா. முழு மாஸ்க்கையும் கழற்றினேன் என்று போட்டு, மேலே ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். அந்த ஹேவ்லாக் இன்ஸ்ட்ரக்டர் ஃபோட்டோ நன்றாக எடுத்துத் தந்திருந்தார்.