ஜோகன்னஸ்பர்க் குளிரில் ஓயாத சளி: என்ன செய்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து இங்கே வந்த பிறகு இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். ஜூன் பிறந்ததிலிருந்து வீட்டில் மூக்கு ஒழுகாத ஆளே இல்லை. 3 வயது மகன் கிரெச்சிலிருந்து கொண்டு வருவான், எனக்கு வரும், அப்புறம் அவன் அப்பாவுக்கு. அதற்குள் அவனுக்கு அடுத்தது. இந்த வயதில் வருடத்துக்கு 6, 8 முறை சளி பிடிப்பது சகஜம், சளி தரும் வைரஸ்களே 200-க்கு மேல் என்கிறார் டாக்டர். ஃப்ளூ ஊசி போட்டாச்சு, ஆனால் அது சாதாரண சளியைத் தடுக்காதாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும் என்பது சட்டம். குழாய்த் தண்ணீரோ ஐஸ். பயல் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு, அதே கையால் கண்ணைத் தேய்க்கிறான்! மாமியார் போனில் "தலைக்கு ஊத்தாதே" என்கிறார். சளி வருவது வைரஸால், தலைக்குக் குளிப்பதால் அல்ல என்று அவரிடம் யார் சொல்வது? தொட்டியில் வளர்த்த கற்பூரவல்லியும் முதல் உறைபனியிலேயே கருகிவிட்டது.

இங்கே பல வருடம் இருக்கும் அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள். மழையே இல்லாத இந்த வறண்ட குளிரில் ஹீட்டர் போட்டுச் சாத்திப் படுத்தால் காலையில் மூக்கு எரிகிறது. ஜன்னலைத் திறப்பீர்களா, எந்த நேரத்தில்? முழங்கை மடிப்பில் தும்ம பிள்ளைகளை எப்படிப் பழக்கினீர்கள்? துண்டு, டம்ளர் எல்லாம் ஆளுக்கொன்றா? கற்பூரவல்லிக் கிளை இருந்தாலும் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.