பட்டறைக்கு நிரந்தர எஞ்சினியர் வைத்த அனுபவம்

திருவொற்றியூரில் எங்களுக்குச் சின்னப் பட்டறை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இரண்டு சி.என்.சி. மெஷின், நான்கு லேத், 22 பேர் வேலை. 2023 வரை மெயின்டனன்ஸுக்கென்று தனி ஆள் கிடையாது. வெளியிலிருந்து ஒரு எஞ்சினியர் வருவார். ஒரு தடவைக்கு 3,500 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சம்பளம், பி.எஃப்., போனஸ் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நிரந்தர ஆள் கட்டுப்படியாகாது என்று அண்ணனும் நானும் இருந்துவிட்டோம்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஷெட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் வர நான்கு நாளானது. கன்ட்ரோல் பேனல் உயரத்தில் இருந்ததால் நனையவில்லை. தப்பித்தோம் என்று ஸ்விட்சைப் போட்டால், ஒரு மெஷினில் திரை முழுக்க அலாரம். மெஷின் ஓடத் தேவையான செட்டிங்குகள், அதாவது பேராமீட்டர், மெமரியிலிருந்து மொத்தமும் அழிந்திருந்தது. கரண்ட் இல்லாதபோது அந்த மெமரியைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. அது தீரப்போகிறது என்று வாரக்கணக்கில் திரையில் மின்னிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆபரேட்டர் பார்த்திருக்கிறார், யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பேக்கப் இருந்ததோ எஞ்சினியரின் லேப்டாப்பில். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் புகுந்த பட்டறைகள் எல்லாம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் முறை வர 11 நாள். அதற்குள் ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது.

பொங்கல் கழிந்ததும் டிப்ளமோ படித்த எர்ணாவூர்த் தம்பி ஒருவரை 24,000 சம்பளத்தில் வைத்தோம். அப்போதைய சம்பள வரம்பான 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. வரவில்லை, தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தோம். முதல் வாரமே பேக்கப்பை மெமரி கார்டில் எடுத்து இரண்டு இடத்தில் வைத்தார். பேட்டரி மாற்றிய தேதியைப் பேனல் கதவில் எழுதி ஒட்டினார். கடல் காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். எப்போதாவது வந்து போகிறவர் கண்ணில் அதெல்லாம் படாது.

அதற்காக வெளி எஞ்சினியரை விட்டுவிடவில்லை. ஸ்பிண்டில் (சுழலும் தண்டு), டிரைவ் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) வேலையில் பல பட்டறை பார்த்த கை அவருடையது. ஒரே நிபந்தனை: வேலை நடக்கும்போது எங்கள் தம்பி பக்கத்தில் நிற்க வேண்டும், செய்தது எல்லாம் எங்கள் நோட்டில் ஏற வேண்டும். முதலில் அவருக்கு வருத்தம்தான். நேரில் போய்ப் பேசினேன், சரி என்றார்.

போன மாதம் ஒரு டிரைவ் பழுதானது. தம்பி அலாரம் நம்பரைப் போனில் சொன்னார், வெளி எஞ்சினியர் சரியான சர்க்யூட் கார்டைக் கையோடு கொண்டுவந்தார். காலையில் நின்ற மெஷின் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஓடியது.