வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்த குடும்பப் படங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:

சிரிப்புப் படத்தைக் கூட்டத்தோடு பார்த்தால்தான் ருசி என்பார்கள். கிரேசி மோகன் வசனம் எழுதிய படங்களை நான் வீட்டில் பார்க்கத்தான் சொல்வேன். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்தபோது தியேட்டரில் பார்த்தோம். ஒரு வசனத்துக்குக் கிளம்பிய சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இரண்டு வசனம் போய்விடும். பாதிப் படம் காதில் விழவே இல்லை. அது எங்களுக்கு முழுசாகக் கிடைத்தது வீடியோ கேசட் போடுகிற டெக்கில்தான்.

அப்போது டெக் சொந்தமாக வைத்திருந்த வீடுகள் எங்கள் தெருவில் குறைவு. பொங்கல், முழுப் பரீட்சை லீவு என்றால் வாடகைக்கு எடுப்போம். கடைப் பையன் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் திரும்ப எடுக்க வந்துவிடுவார், அதற்குள் எல்லாக் கேசட்டையும் பார்த்தாக வேண்டும். அந்த அவசரத்திலும் கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுகிற இடம் வந்தால் தாத்தா விடமாட்டார். “என்ன சொன்னான்? திருப்பிப் போடு” என்பார். கமல் நடித்த சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுப் பேச்சு அவருக்கு முதல் தடவையில் பிடிபடாது. ரிவைண்ட் பண்ணிப் பண்ணி எங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. பாட்டிக்கு எஸ்.என்.லட்சுமியைத்தான் பிடிக்கும், அந்தத் திருட்டுப் பாட்டி எப்போது வருவாள் என்று காத்திருப்பார். இன்னொன்றும் வீட்டில்தான் கவனித்தோம். பீம்பாயாக நிற்பவர் தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக வந்த அதே பிரவீன் குமார்! தியேட்டரில் அது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

அப்புறம் விசிடி வந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்ததும்தான் எங்களைப் போன்ற வீடுகளில் பழைய படங்கள் சொந்தமாகச் சேர ஆரம்பித்தன. ‘காதலிக்க நேரமில்லை’ அப்படி வாங்கியதுதான். போன மாதம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். நாகேஷ் தன் அப்பாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்கிற காட்சி எல்லாருக்கும் தெரியும். கதவு சத்தம், காலடி சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே கொண்டுவருவார். என் மகள் நாகேஷை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் அவள் வயதில் அப்படித்தான் பார்த்தேன். இப்போது எனக்கு அப்பாவாக வரும் பாலையாதான் தெரிகிறார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். மகன் கதையை இழுக்க இழுக்க அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும், கை நாற்காலியைப் பிடிக்கும். எதிரில் இப்படிப் பயப்பட ஒரு ஆள் இல்லாவிட்டால் நாகேஷின் கதைக்குப் பாதி பலம்தான். இந்தக் காட்சியை ஒருமுறை நாகேஷுக்காகவும் ஒருமுறை பாலையாவுக்காகவும் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இது 1964 படம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம், பழைய பெட்டி டிவியில் கச்சிதமாக அடங்கும். இன்றைய அகல டிவி அதைத் தானாகவே பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது, முகமெல்லாம் உப்பிப்போய்த் தெரிகிறது. ரிமோட்டில் 4:3 என்று வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டொரொன்டோவிலிருந்து:

பாலையா பற்றி எழுதியதை வாசித்ததும் ‘திருவிளையாடல்’ நினைவு வந்துவிட்டது.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, தொண்ணூறுகளின் முதல் பாதியில், கரண்ட் இல்லை. படம் பார்ப்பதென்றால் ஊரில் யாராவது ஜெனரேற்றர் பிடிக்க வேண்டும். பெற்றோல் தடை, அதனால் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். முற்றத்தில் ரீவியை வைத்தால் ஒழுங்கை முழுக்க வந்து பாயில் இருக்கும். மண்ணெண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது. நான் ‘திருவிளையாடல்’ படத்தின் கடைசிப் பகுதியைப் பல வருடம் பார்க்கவே இல்லை! தருமியும் நக்கீரரும் வரும் பகுதி முன்னுக்கே வந்துவிடும் என்பதால் அது மட்டும் எல்லோருக்கும் பாடம்.

பிறகு இங்கே வந்தோம். அம்மா பத்திரமாகக் கொண்டுவந்த படக்கொப்பி இங்கத்தைய டெக்கில் ஓடவில்லை. ரீவிக்கும் வீடியோவுக்கும் அங்கே ‘பால்’ (PAL) முறை, கனடாவில் என்.டி.எஸ்.சி. (NTSC) முறை. தமிழ்க் கடையில் இங்கத்தைய முறையில் ஒரு கொப்பி எடுத்துத்தான் படத்தை முடிவுவரை பார்த்தோம். அம்மம்மா அப்போது எங்களோடு இருந்தா. கே.பி.சுந்தராம்பாள் பாடும்போது தானும் சேர்ந்து பாடுவா.

போன கிழமை மகனுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டுப் போட்டிக்கு வரும் ஹேமநாத பாகவதராகப் பாலையா முதலில் வரும்போது அந்த நடையே வேறு. பாண்டிய நாட்டில் தனக்கு நிகர் யார் என்ற எண்ணம் முகத்தில் இருக்கும். பிறகு இரவில், திண்ணையில் இருந்து ஒரு விறகுவெட்டி பாடுகிறான். உள்ளே பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் வியப்பு, பிறகு ரசனை, பிறகு பயம். மகனுக்குத் தமிழ் வசனம் முழுதும் விளங்காது. ஆனால் அந்த இடத்தில் என்னைக் கேட்டான்: “இவர் இனிப் போட்டிக்கு வரமாட்டார், என்ன?” நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாலையாவின் முகத்தைப் பார்த்தே அவனுக்குக் கதை விளங்கிவிட்டது.

கோவையிலிருந்து:

அந்த விறகுவெட்டி பாடுகிற ‘பாட்டும் நானே’ பற்றி ஒரு சேதி. நான் வீணை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் கேசட் படத்தோடு சேர்ந்து வாசிக்கப் பார்ப்பேன். இசைத்தட்டோடு சரியாகச் சேருகிற சுருதி, வீடியோவில் சேராது. வீணையில் கோளாறோ என்று கூட நினைத்ததுண்டு. காரணம் பிறகுதான் தெரிந்தது. பிலிமில் ஒரு நொடிக்கு 24 படங்கள். ‘பால்’ முறை வீடியோவில் 25. அப்படியே மாற்றும்போது படம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடும். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாடியே முடிந்துவிடும், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். டி.எம்.எஸ். குரலை அப்படி ஏற்றிக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. நேராக பிலிமிலிருந்து என்.டி.எஸ்.சி. முறையில் எடுத்த டிவிடிகளில் இந்த வேகக் கோளாறு கிடையாது.

பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது, நல்ல டெக் கிடைப்பதே சிரமம். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. நாடாவும் போகும், அதைப் படிக்கிற டெக்கின் ஹெட்டும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றிய கோப்பை, வீடியோ ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி.யில் 0.96 வேகத்தில் ஓடவிடுங்கள். சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் ஒரு வசதி அதில் இருக்கிறது, அதை மட்டும் அணைத்துவிட்டால் டி.எம்.எஸ். பாடிய சுருதியிலேயே கேட்கலாம். நான் இப்போது வீணையை வைத்துக்கொண்டு அப்படித்தான் பார்க்கிறேன்.