இந்த வாரப் படங்களில் பெரியவர்களோடு பார்க்க எது சரி?

எழுபதைத் தாண்டிய நாலைந்து பேருக்கு இந்த வாரப் புதுப்படம் ஒன்றுக்கு டிக்கெட் போட வேண்டும். முதுமையை வைத்துச் சிரிக்க வைக்கிற படம் என்றால் நல்லது. நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற தாத்தா வந்தால் அவர்களே முதலில் சிரிப்பார்கள். தள்ளாமையைக் கேலி செய்வது மட்டும் வேண்டாம்.

பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டேகால் மணிக்குள் முடிகிறதா? இடைவேளை எப்போது? சப்டைட்டில் உண்டா? வசனத்தின் மேல் பின்னணி இசை ஏறுகிறதா? காதுக்கருவி இரண்டையும் சேர்த்தே பெரிதாக்குவதால் பேச்சு புரியாமல் போய்விடும்.

வயதான கண் இருட்டுக்குப் பழக நேரமாகும், அதனால் விளக்கு அணையும் முன்பே உட்காரவைத்துவிடலாம். படி ஏறாமல் போகக்கூடிய வரிசை எதுவென்று புக்கிங்கில் காட்டும் இருக்கை வரைபடத்தில் தெரிவதில்லையே, எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?