சில கணினிகள் மட்டும் அலுவலக சர்வரில் நுழைய மறுக்கின்றன: உதவி தேவை

கணக்கர்:
எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 14 கணினிகள், ஒரு விண்டோஸ் சர்வர். அதுவே டொமைன் கன்ட்ரோலர்; அலுவலகக் கணினிகளின் கூட்டமைப்பான டொமைனில் யார் நுழையலாம் என்று சரிபார்ப்பது அதுதான். சனிக்கிழமை வரை ஒரு தொல்லையும் இல்லை. இன்று காலை முதல் 5 கணினிகளில் கோளாறு. இரண்டு, கடவுச்சொல்லை ஏற்று உள்ளே விடுகின்றன; ஆனால் பொது டிரைவ் திறப்பதில்லை. இரண்டு, லாகான் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்கின்றன. ஒன்று, தேதி நேரம் பற்றி ஏதோ சொல்கிறது. உள்ளே விட்ட இரண்டிலும் இன்டர்நெட் வருவதுதான் குழப்புகிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் வேறு நெருங்குகிறது.

திருப்பூர்க்காரன்:
டொமைனிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். எனக்கு அதில்தான் சரியானது. இல்லையென்றால் டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் சர்வர்) 8.8.8.8 போட்டுப் பாருங்கள்.

சர்வர் அறை:
கணக்கர் சார், தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். நீக்குவது எளிது, சர்வரையே காண முடியாத கணினியைத் திரும்பச் சேர்க்க முடியாது. 8.8.8.8 என்பது கூகுளுடையது. ஊர் உலகத்து முகவரியெல்லாம் அதற்குத் தெரியும், உங்கள் அறை மூலையில் இருக்கும் சர்வரைத் தெரியாது. டொமைன் கணினி, கன்ட்ரோலர் எங்கே என்று முதலில் டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கும்.

உள்ளே விட்டதை நம்ப வேண்டாம். முன்பு அதே கணினியில் நுழைந்தவர்களின் விவரத்தை விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும். சர்வர் கிடைக்காதபோது அதை வைத்தே விட்டுவிடும். மறுக்கிற இரண்டில் புதிதாக யாராவது இடம் மாறி உட்கார்ந்தார்களா?

அவற்றில் உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் பின்சாய்வுக்கோடும் இட்டு நுழையுங்கள். கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ கொடுத்து, நன்றாக ஓடும் கணினியோடு ஒப்பிடுங்கள். டிஹெச்சிபி சர்வர் (கணினிகளுக்கு முகவரி வழங்குவது), டிஎன்எஸ் சர்வர் என்ற வரிகள்தான் முக்கியம். முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி பதிலே தரவில்லை என்று பொருள்.

கணக்கர்:
ஆமாம் சார், பயிற்சி மாணவர்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல கணினியில் இரண்டு வரிகளிலும் 192.168.10.5, அதாவது எங்கள் சர்வர். கெட்டவை நான்கிலும் 192.168.0.1! ஐந்தாவதில் பூட்டுத் திரையே 2019 என்று காட்டுகிறது.

சர்வர் அறை:
அகப்பட்டுவிட்டது. யாரோ புது ரவுட்டர் ஒன்றை உங்கள் ஸ்விட்சில் (கணினிகளின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி வழங்குகிறது. பழைய குத்தகை (வாங்கிய முகவரியை வைத்திருக்கும் கெடு) முடியாத கணினிகள் அதே முகவரியில் தொடர்கின்றன. புதிதாகக் கேட்பவை, யார் முந்திப் பதில் சொன்னார்களோ அவர்களிடம் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் எல்லாம் ஒரேயடியாக விழவில்லை.

அந்தக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, ‘/ரினியூ’, ‘/ஃப்ளஷ்டிஎன்எஸ்’ என வரிசையாகக் கொடுங்கள்.

ஐந்தாவது வேறு கதை. கெர்பரோஸ் நுழைவுமுறை, சர்வருக்கும் கணினிக்கும் இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுக்கும். ஆண்டுக்கணக்கை எப்படிப் பொறுக்கும்? மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றிவிட்டு, கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் தேதியைத் திருத்துங்கள்.

திருப்பூர்க்காரன்:
எனக்கு வந்தது ‘நம்பிக்கை உறவு முறிந்தது’ என்ற செய்தி. அதற்கும் மறுபடி சேரக் கூடாதா?

சர்வர் அறை:
சேரலாம், ஆனால் தேவையில்லை. கணினிக்கும் டொமைனில் ஒரு கடவுச்சொல் உண்டு. வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். பழைய பேக்கப்பை மீட்டால் கணினியில் உள்ளதும் டொமைனில் உள்ளதும் பொருந்தாமல் போகும். விண்டோஸின் பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தில் ‘டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் -ரிப்பேர்’ போதும். டொமைன் நிர்வாகி அனுமதி மட்டும் வேண்டும்.

கணக்கர்:
ஸ்விட்சுக்குப் பின்னால் மஞ்சள் கேபிள்! சனிக்கிழமை மாலை இரண்டாவது ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள், யாரையும் கேட்காமல் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிடுங்கியதும் நான்கும் வந்துவிட்டன, பொது டிரைவும் திறக்கிறது. பேட்டரி வாங்கப் பையனை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த இணைப்பும் வேண்டுமே சார், எங்கே செருகுவது?

சர்வர் அறை:
ஸ்விட்சில் மட்டும் வேண்டாம். ஃபயர்வாலில் (இன்டர்நெட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் நிற்கும் காவல் கருவி) இரண்டாவது வேன் போர்ட் (வெளி இணைப்பைச் செருகும் துளை) இருந்தால் அங்கே. ஒரு இணைப்பு அறுந்தால் மற்றதுக்குத் தானாக மாறும், முகவரி வழங்கும் வேலை உங்கள் சர்வரிடமே இருக்கும். ஸ்விட்ச் நிர்வகிக்கக்கூடிய வகை என்றால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கையும் (நம்பகமானது என்று குறித்த, உங்கள் சர்வர் செருகிய போர்ட்டிலிருந்து மட்டும் முகவரிப் பதிலை விடும் வசதி) இயக்கிவிடுங்கள். அடுத்த முறை யார் எதைச் செருகினாலும் அதன் பதில் கணினிகளை எட்டாது.