தாத்தா கவிதை புக்குக்கு நல்ல தமிழ் ஃபான்ட் வேணும்

எல்லாருக்கும் வணக்கம், தாத்தா எழுதி வச்ச கவிதைய எல்லாம் புக்கா போட லேஅவுட் பண்ணிட்டு இருக்கேன், ஃபான்ட்லயே மாட்டிக்கிட்டேன். எனக்கு ரொம்ப புடிச்சது கேட்டமரான், 9 வெயிட் (எழுத்தோட தடிமன்) இருக்கு, தலைப்புக்கு அழகா உக்காருது ஆனா பத்தி பத்தியா படிச்சா கண்ணு களைச்சுடுது. நோட்டோ செரிஃப் தமிழ் பரவால்ல, 11 பாயின்ட்ல கொஞ்சம் இறுக்கமா தெரியுது. விண்டோஸ் 2000 காலத்து லதா ஃபான்ட் மட்டும் சொல்லிடாதீங்க, பேப்பர்ல சுத்தமா உயிரே இல்ல.

முக்கியமா ஒண்ணு, தாத்தா 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த மாதிரிதான் எழுதுவாரு, ணை லை எல்லாம் யானை தும்பிக்கை மாதிரி கொம்பு வச்சு வளையும், அத மாத்த எனக்கு மனசு வரல. அந்த பழைய வடிவம் யூனிகோட்ல வர்ற ஃபான்ட் யாராவது யூஸ் பண்ணிருக்கீங்களா? பிரின்ட் எடுத்த சாம்பிள் இருந்தா போட்டோ போடுங்க ப்ளீஸ்.